இலுப்பை மேட்டுக்கு வந்த ஓலை

வரகு வயலின் வரப்பில் இரண்டு வெள்ளெலிகள் குடியிருந்தன. கணவன் பெயர் நெருஞ்சி. மனைவி பெயர் தும்பை.

ஆண்டுதோறும் அவர்கள் வளை தோண்டுவார்கள். ஆண்டுதோறும் ஏர் வந்து அதை உடைத்துப் போடும். உடம்பில் ஒட்டிய மண்ணை உதறிவிட்டு வேறு வரப்புக்கு ஓடுவார்கள். நான்கு முறை இப்படி ஆயிற்று. நான்காவது முறை கொழுமுனை தும்பையின் வாலை உரசிக்கொண்டு போனது.

"போதும்!" என்றாள் தும்பை. "அடுத்தவன் நிலத்தில் இனி நான் படுக்க மாட்டேன். குட்டி பெறுவதென்றால் சொந்த வளையில்தான் பெறுவேன்."

"சொந்த வளையா? நமக்கு யார் தருவார்கள்?"

"சும்மா கேட்டால் தரமாட்டார்கள். உழைத்துக் கேட்போம்!"

இருவரும் காட்டுக்குள் போனார்கள்.

காட்டில் இலுப்பை மேடு என்று ஓர் இடம் இருந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அங்கே தண்ணீர் ஏறாது. அந்த மேட்டில் சடைச்சி என்ற முள்ளம்பன்றிக்கு ஒரு வளை. அவளுக்கு வயதாகிவிட்டது. மலைக்கு அப்பால் இருக்கும் மகளிடம் போய்விட நினைத்திருந்தாள்.

"மூன்று மாதம் எனக்குக் கிழங்கு தோண்டிக் கொடுங்கள்," என்றாள் சடைச்சி. "போகும்போது வளையை உங்களுக்கே கொடுத்துவிட்டுப் போகிறேன். எனக்கு இது இடுப்பைப் பிடிக்கிறது. உங்களுக்கு அரண்மனை!"

மூன்று மாதம் தோண்டினார்கள். நெருஞ்சியின் முன்னங்கால் நகங்கள் பாதியாகத் தேய்ந்தன. சடைச்சியும் சொன்ன சொல் தவறவில்லை.

அந்தக் காட்டில் வளை கைமாறுவதற்கு ஒரு முறை உண்டு. கொடுப்பவரும் வாங்குபவரும் அந்த வளையின் மண்ணை ஓர் உருண்டையாகப் பிடித்து ஓடைத்துறைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே யானைப் பெரியம்மா இருப்பாள். காட்டின் வழக்குகளைத் தீர்ப்பவள் அவள்தான்.

கொடுப்பவரைப் பார்த்து, "மனமாரக் கொடுத்தாயா?" என்று கேட்பாள். வாங்குபவரைப் பார்த்து, "பேசியபடி செய்தாயா?" என்று கேட்பாள். இருவரும் ஆம் என்றால், ஈர மண்ணுருண்டையில் கால் நகத்தை ஒருமுறை அழுத்துவாள். பிறை போல் ஒரு தடம் விழும். பெரியம்மாவின் நகம் நடுவில் வெடித்திருந்தது. அதனால் பிறையின் நடுவே ஒரு கோடும் விழும். இதை மண் வைப்பது என்பார்கள். அதோடு முடிந்தது. உருண்டையை வாங்கியவர் தம் வளையில் வைத்துக்கொள்ளலாம்.

பிறகு மூன்று நாள் காலையில் ஆள்காட்டிப் பறவை காட்டின் மேல் பறந்து கூவும். யாருக்காவது மறுப்பு இருந்தால் வந்து சொல்லட்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு.

"இலுப்பை மேட்டு வளை! முள்ளம்பன்றி சடைச்சி கொடுத்தாள்! வெள்ளெலி நெருஞ்சியும் தும்பையும் வாங்கினார்கள்! வாசல் கிழக்கே! அறை மூன்று!"

இருவரும் வாசலில் நின்று கேட்டார்கள்.

"என்னங்க, நம் பேரைக் கூவுகிறது!"

"கூவட்டும், கூவட்டும்! ஏர் ஓட்டுகிறவன் காதிலும் விழட்டும்!"

காடு முழுவதும் கேட்டது. ஓடைக்கு அந்தப் பக்கம், புளியமரத்தின் வேரடியில் படுத்திருந்த ஒரு பெருச்சாளிக்கும் கேட்டது.

அவன் பெயர் குடைவான். அவன் காட்டில் பிறந்தவன் அல்ல. ஊருக்குள் ஏதோ ஓர் அலுவலகத்தில், பழைய தாள்கள் அடுக்கிய அறையில் வளர்ந்தவன். தாளைக் கடித்துக் கடித்தே எழுத்துப் பழகிக்கொண்டான். எப்படிப்பட்ட தாளைக் கண்டால் மனிதர்களுக்குக் கை நடுங்குகிறது என்று பார்த்து வைத்திருந்தான். சிவப்பு எழுத்து வேண்டும். முத்திரை வேண்டும். 'இறுதி' என்ற சொல் வேண்டும். கெடு நாள் வேண்டும். இவ்வளவும் இருந்தால், படிப்பவர்கள் கேள்வி கேட்காமல் கொண்டுவந்து கொடுத்துவிடுவார்கள்.

"கிழக்கு வாசல், மூன்று அறை," என்று முணுமுணுத்தான் குடைவான். "மழைக்குக் கதிர் சேர்த்து வைக்கிற குடும்பம். நல்லது!"

தேக்கின் இளந்தளிரைப் பல்லால் நசுக்கினான். சிவப்புச் சாறு வந்தது. பனங்குருத்தைக் கிழித்து அதில் எழுதினான். விளாம்பழ ஓட்டின் விளிம்பைச் சாற்றில் தோய்த்து ஓலையின் ஓரத்தில் அழுத்தினான். பிறை போல் ஒரு தடம் விழுந்தது. கடைசியாக, அடியில், எறும்புக் கால் அளவில் ஒரு வரி எழுதினான். அந்த வரியை எழுதும்போது மட்டும் சிரித்துக்கொண்டான்.

நான்காம் நாள் காலை, கதிர் பொறுக்கப் போயிருந்த நெருஞ்சியும் தும்பையும் திரும்பி வந்தார்கள். வாசலில் ஓர் ஓலை முள்ளால் குத்தி வைக்கப்பட்டிருந்தது.

நெருஞ்சிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். மெல்ல மெல்லப் படித்தான்.

"இறுதி அறிவிப்பு! இலுப்பை மேட்டு வளை. கிழக்கு வாசல். மூன்று அறை. கொடுத்தவர் சடைச்சி. வாங்கியவர்கள் நெருஞ்சி, தும்பை. மேற்படி வளைக்கு உறுதி ஓலை இன்னும் பெறப்படவில்லை. ஏழு நாளுக்குள் நாற்பது வரகுக் கதிர்களைப் புளியமரத்து வேர்ப்பொந்தில் வைத்துப் பெற்றுக்கொள்ளவும். தவறினால் வளை உங்களுடையது என்பதற்கு உறுதி இல்லை."

அடியில் இருந்த வரியை அவன் படிக்கவில்லை. அது எழுத்து என்றே அவனுக்குத் தோன்றவில்லை. ஓலையின் அழுக்கு என்று நினைத்தான்.

"இறுதி அறிவிப்பா? அப்படியானால் முதல் அறிவிப்பு எங்கே?" என்று கேட்டாள் தும்பை.

"வந்திருக்கும். காற்றில் போயிருக்கும்."

"பெரியம்மா நகம் வைத்தாளே! அதோடு முடிந்தது என்றார்களே!"

"முடிந்தது என்று நாம் நினைத்தோம். ஓலையைப் பார். வாசல் எந்தத் திசை, அறை எத்தனை, எல்லாம் இருக்கிறது. சடைச்சியின் பேர்கூட இருக்கிறது. துறையில் உள்ளவர்களைத் தவிர இதெல்லாம் யாருக்குத் தெரியும்?"

மூன்று நாளாக அந்த விவரங்களைத்தான் ஆள்காட்டி காடெங்கும் கூவியது. அதைக் கேட்டு மகிழ்ந்தவர்களும் அவர்கள்தான். பயம் வந்த நேரத்தில் அது இருவர் நினைவுக்கும் வரவில்லை.

"எதற்கும் பெரியம்மாவையே போய்க் கேட்டுவிடுவோமே."

"கேட்டால் என்ன ஆகும் தெரியுமா? வயலெலிக்கு வளை கொடுத்தால் இப்படித்தான், ஓர் ஓலை படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று துறையே சிரிக்கும். நாம் குடிவந்து பத்து நாள்கூட ஆகவில்லை, தும்பை!"

ஆனாலும் அவனுக்கு மனம் கேட்கவில்லை. மேட்டின் அடிவாரத்தில் பொறையன் என்ற ஆமை இருந்தான். நெடுநாள் குடியிருப்பவன். நெருஞ்சி அவனிடம் போய், எதையோ பேசுவது போல் பேச்சுக் கொடுத்தான்.

"அண்ணே, இந்தப் பக்கம் ஓலை கீலை ஏதாவது வருமா?"

பொறையனின் கழுத்து பாதி உள்ளே போனது.

"என்ன ஓலை?"

"சும்மா கேட்டேன். வளை வாங்கியவர்களுக்கு."

"வரும், போகும்," என்றான் பொறையன். மீதிக் கழுத்தும் உள்ளே போய்விட்டது. ஓட்டுக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. "எனக்கு வேலை இருக்கிறது, தம்பி."

நெருஞ்சி திரும்பி வந்தான். "எல்லோருக்கும் வருகிறதாம்," என்றான். "எல்லோரும் கொடுத்திருக்கிறார்கள் போலிருக்கிறது."

அன்றும் மறுநாளுமாக நாற்பது கதிர்களையும் சுமந்துகொண்டு போய்ப் பொந்தில் வைத்தார்கள். மூன்றாம் நாள் பொந்தில் வேறோர் ஓலை இருந்தது. அதில் 'உறுதி' என்று சிவப்பாக எழுதியிருந்தது. நெருஞ்சி அதைக் கொண்டுவந்து உள்ளறைச் சுவரில் செருகி வைத்தான். பெரியம்மா நகம் பதித்த மண்ணுருண்டை அதன் அடியில், மூலையில் கிடந்தது.

சில நாள் நிம்மதியாகத் தூங்கினார்கள்.

பயந்து கொடுத்தவரை விட்டுவிட யாருக்கு மனம் வரும்? குடைவான் இரண்டாவது ஓலையை எழுதினான்.

"இறுதி அறிவிப்பு! இலுப்பை மேட்டு வளை மேட்டில் இருப்பதால் மழைக்காலத்தில் மண் சரியக்கூடும். சரிவுக் காப்புக்காக அறுபது கதிர். ஐந்து நாள் கெடு. கொடுக்காத வளைகள் மூடப்படும்."

தும்பைக்கு அப்போது நிறைமாதம். அவள் ஓலையைப் பார்க்கவில்லை. பின்னறையில் அடுக்கியிருந்த கதிர்களைத்தான் பார்த்தாள்.

"இதைக் கொடுத்தால் நமக்குப் பத்துக் கதிர்தான் மிஞ்சும்."

"தெரியும்."

"மழை எத்தனை நாள் பெய்யும் என்று தெரியுமா? நான் குட்டிகளோடு படுத்திருப்பேன். பால் எங்கிருந்து வரும்?"

"வளை போய்விட்டால் நீ எங்கே படுப்பாய்?" என்றான் நெருஞ்சி. அவன் குரல் உயர்ந்துவிட்டது. "நாலு தடவை ஏருக்குக் கொடுத்துவிட்டு ஓடி வந்தவன் நான்! ஐந்தாம் தடவை, நீ இருக்கிற இருப்பில், மழையில் உன்னை எங்கே கூட்டிக்கொண்டு போவேன்? கதிர் மறுபடி பொறுக்கலாம். வளை மறுபடி கிடைக்குமா?"

ஏர் உடைத்த வளைகள் தும்பையின் கண்ணுக்குள்ளும் இருந்தன. அவளும் தன் பங்குக்குக் கதிரைக் கவ்விக்கொண்டு அவன் பின்னால் நடந்தாள்.

அந்த ஆண்டு மழை முன்னதாகவே வந்தது. முதல் தூறல் விழுந்த அன்று தும்பை நான்கு குட்டிகள் ஈன்றாள். காட்டில் பிறப்பையும் கூவுவது வழக்கம்.

"இலுப்பை மேட்டில் நாலு குட்டி! வெள்ளெலி வீட்டில் நாலு குட்டி!" என்று ஆள்காட்டி நனைந்துகொண்டே கூவியது.

பிறகு மழை நிற்கவில்லை. பத்துக் கதிரும் ஐந்து நாளில் தீர்ந்தன. நெருஞ்சி தினமும் வெளியே போனான். புல்லின் விதைகள் உதிர்ந்து சேற்றில் புதைந்திருந்தன. வாய் நிறையச் சேறும் இரண்டு மூன்று மணிகளுமாகத் திரும்பி வந்தான். வந்தவுடன் அவற்றைத் தும்பையின் முன்னால் துப்பிவிட்டு மறுபடி போனான்.

"நீங்கள் சாப்பிட்டீர்களா?"

"வெளியே சாப்பிட்டேன்."

அவன் சாப்பிடவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

பால் குறைந்துகொண்டே வந்தது. மூன்று குட்டிகள் முட்டி மோதிக் குடித்தன. நான்காவது குட்டி எல்லோருக்கும் சின்னது. அதற்கு முட்டத் தெரியவில்லை. ஒன்பதாம் நாள் காலை அது அசையவில்லை.

தும்பை அதை மூன்றாவது அறையில் குழி பறித்து மூடினாள். கதிர்கள் அடுக்கியிருந்த அறை அது. இப்போது காலியாக இருந்தது.

சாவைக் கூவும் வழக்கம் அந்தக் காட்டில் இல்லை. பெற்றவர் தனியாகத் துறைக்குப் போய்ப் பெரியம்மாவின் காதில் சொல்ல வேண்டும். பெரியம்மா அதை வேறு யாரிடமும் சொல்ல மாட்டாள். தும்பை மழையில் நனைந்துகொண்டு போனாள். பெரியம்மா துதிக்கையைத் தாழ்த்தி அவளைத் தன் காதருகே தூக்கினாள்.

"பெரியம்மா, சின்னது போய்விட்டது. இப்போது மூன்று."

பெரியம்மா அவளைக் கீழே விடாமல் சிறிது நேரம் அப்படியே வைத்திருந்தாள். "தீனி சேர்த்து வைக்கவில்லையா, மகளே?" என்று கேட்டாள்.

தும்பைக்கு ஓலையின் கதை வாய் வரை வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது. "போதவில்லை, பெரியம்மா," என்று மட்டும் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து மழை சற்று விட்டது. வாசலில் மூன்றாவது ஓலை குத்தியிருந்தது.

நெருஞ்சி எழுத்துக்கூட்டிப் படித்தான். "இறுதி அறிவிப்பு! இலுப்பை மேட்டு வளையில் குடியிருப்போர் எண்ணிக்கை கூடியுள்ளது. நான்கு குட்டிகளுக்குத் தலைக்கு ஐந்து கதிர் வீதம்..."

"நிறுத்துங்கள்!" என்றாள் தும்பை.

"கோபப்பட்டு என்ன செய்வது? எங்காவது பொறுக்கிக் கொண்டுவந்து..."

"நிறுத்துங்கள் என்றேன்! எத்தனை குட்டி என்று எழுதியிருக்கிறது?"

"நான்கு."

"நமக்கு எத்தனை?"

நெருஞ்சி உள்ளே படுத்திருந்த குட்டிகளைத் திரும்பிப் பார்த்தான்.

"மூன்று என்று பெரியம்மாவுக்குத் தெரியும்," என்றாள் தும்பை. "அவள் காதில் நானே சொன்னேன். இந்த ஓலையை எழுதியவனுக்கு அது தெரியவில்லை. நான்கு என்று யாருக்குத் தெரியும்? ஆள்காட்டி கூவியதைக் கேட்டவனுக்குத் தெரியும். கிழக்கு வாசலும் மூன்று அறையும் சடைச்சி பேரும் அப்படித்தான் தெரிந்திருக்கிறது. இவன் துறையில் இருப்பவன் இல்லை. எங்கேயோ படுத்துக்கொண்டு கூவலைக் கேட்கிறவன்!"

நெருஞ்சி ஓலையைக் கீழே போட்டான். அதன் அருகே உட்கார்ந்தான். "நூறு கதிர்," என்றான். பிறகு மூன்றாவது அறைப் பக்கம் பார்த்தான்.

"எழுந்திருங்கள்," என்றாள் தும்பை. "துறைக்குப் போகிறோம்."

"எல்லோரும் இருப்பார்களே! மழை விட்டிருக்கிறது, துறை நிறையக் கூட்டம் இருக்கும்."

"இருக்கட்டும். எல்லோருக்கும் கேட்கட்டும்."

மூன்று குட்டிகளையும் ஒவ்வொன்றாகச் சருகால் மூடிவிட்டு, தும்பை ஓலையைக் கவ்விக்கொண்டு நடந்தாள். நெருஞ்சி பின்னால் வந்தான். துறையில் முயல்கள் இருந்தன. காடைகள் இருந்தன. மரத்தில் குரங்குகள் இருந்தன. சேற்றோரம் பொறையனும் இருந்தான். தும்பை கூட்டத்தின் நடுவே போய் ஓலையைப் பெரியம்மாவின் காலடியில் வைத்தாள்.

"பெரியம்மா! இது நீங்கள் அனுப்பியதா?"

பெரியம்மா ஓலையைத் துதிக்கையால் எடுத்தாள். தூரப் பிடித்துப் பார்த்தாள். கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"நான் எழுதுவேன் என்று யார் சொன்னது? என் காலைப் பார், மகளே. இதில் எழுத்தாணி நிற்குமா?"

குரங்குகள் சிரித்தன. தும்பை சிரிக்கவில்லை.

"உங்கள் நகத்தடம் இருக்கிறதே!"

"பிறை இருக்கிறது. என் நகத்தின் வெடிப்பு எங்கே? உன் மண்ணுருண்டையில் நடுக்கோடு இருக்குமே, பார்க்கவில்லையா? மண் வைத்தபின் உன்னிடமிருந்து எனக்கு ஒரு மணிகூட வேண்டியதில்லை. இதுவரை யாரிடமும் வாங்கியதில்லை." பெரியம்மா ஓலையைக் கீழே வைத்தாள். "நீ ஏதாவது கொடுத்தாயா?"

தும்பைக்கு முன்னால் நெருஞ்சி வந்து நின்றான்.

"கொடுத்தோம், பெரியம்மா. நூறு கதிர். ஓலையைப் படித்தவன் நான். கொடுத்துவிடலாம் என்றவனும் நான். உங்களிடம் கேட்டால் சிரிப்பார்கள் என்று பயந்தவனும் நான்தான். பத்துக் கதிரை வைத்துக்கொண்டு மழைக்குள் போனோம். ஒரு குட்டியைப் புதைத்துவிட்டோம்."

குரங்குகள் இப்போது சிரிக்கவில்லை.

சேற்றோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "எனக்கும் வந்தது."

எல்லோரும் திரும்பினார்கள். பொறையன்!

"ஆறு வருடத்துக்கு முன்னால்," என்றான் பொறையன். "அத்திப்பழம் எழுபது கேட்டிருந்தார்கள். எனக்குத் தூக்கத் தெரியாது. ஒவ்வொன்றாக மூக்கால் உருட்டிக்கொண்டு போனேன். பதினோரு நாள் ஆயிற்று."

"எங்களுக்கும் வந்தது," என்றாள் ஒரு காடை, மண்ணைப் பார்த்துக்கொண்டே.

"எனக்கு இரண்டு தடவை!" என்றான் ஒரு முயல். "அருகம்புல் கட்டு. இரண்டாம் தடவை கேட்டபோது பக்கத்து வளைக்காரனிடம் கடன் வாங்கினேன்."

"அது என்னிடம்தான் வாங்கினாய்! எதற்கு என்று கேட்டால் விருந்தாளி என்றாயே!"

"உன்னிடம் எப்படிச் சொல்வேன்? நீ கெட்டிக்காரன் என்று பேர் வாங்கியவன்!"

"நானும் கொடுத்தவன்தான், அப்பா!"

அதன்பிறகு ஒருவர் பேச்சை ஒருவர் முடிக்க விடவில்லை. துறையில் தண்ணீர் குடிக்க வந்தவர்களில் பாதிப்பேர் கொடுத்தவர்களாக இருந்தார்கள். காட்டிலேயே தான் ஒருவன்தான் முட்டாள் என்று ஒவ்வொருவரும் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நெருஞ்சி ஆமையின் அருகே போனான். "அண்ணே, அன்றைக்கு நான் கேட்டேனே!"

"கேட்டாய், தம்பி. எழுபது பழம் உருட்டிய கதையை எப்படிச் சொல்வது என்று ஓட்டுக்குள் போய்விட்டேன்."

தும்பை அவனைப் பார்த்தாள். "நீங்கள் அன்றைக்குச் சொல்லியிருந்தால், இன்றைக்கு என் மடியில் நாலும் இருந்திருக்கும்," என்றாள்.

பொறையன் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சொல்லை முழுவதும் வெளியே நின்று வாங்கிக்கொண்டான்.

"புளியமரத்துக்கு நடங்கள்!" என்றாள் பெரியம்மா.

குடைவான் வேரடியில் அமர்ந்து அடுத்த ஓலையை எழுதிக்கொண்டிருந்தான். அவன் மீசை சிவந்திருந்தது. யானையின் நிழல் விழுந்ததும் எழுந்தான். அவன் ஓடவில்லை. இந்த நாளுக்காகத்தான் அவன் ஒரு வரி எழுதி வைத்திருந்தான்.

"நான் யாரையும் ஏமாற்றவில்லை!" என்றான். "ஓலையின் அடியில் படியுங்கள்! தெளிவாக எழுதியிருக்கிறேன்!"

கண் கூர்மையான ஒரு காடை ஓலையில் மூக்கு உரசும்படி குனிந்தாள். நெடுநேரம் பார்த்துவிட்டுப் படித்தாள். "இந்த ஓலைக்கும் துறைக்கும் தொடர்பு இல்லை. விருப்பம் உள்ளவர்கள் கொடுக்கலாம்."

"கேட்டீர்களா!" என்றான் குடைவான். "நான் யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. விருப்பப்பட்டுக் கொடுத்தார்கள். படிக்காதது அவர்கள் குற்றம்!"

பெரியம்மா அவனை நிதானமாகப் பார்த்தாள்.

"மிரட்டலைப் பனம்பழம் அளவுக்கு எழுதினாய். உண்மையை எறும்புக் கால் அளவுக்கு எழுதினாய். எது கண்ணில் பட வேண்டும், எது படக்கூடாது என்று அளந்துதானே எழுதினாய்? இந்த வரி உன்னைக் காப்பாற்றாது. தெரிந்தே செய்தாய் என்பதற்கு இதுவே சாட்சி."

குடைவான் சிவந்த மீசையைத் துடைத்துக்கொண்டான்.

பெரியம்மா வேரைப் பற்றி இழுத்தாள். மண் பிளந்தது. உள்ளே ஆறு வருடத்துச் சேமிப்பு கிடந்தது. மேலே கதிர்கள். கீழே முளைவிட்ட கதிர்கள். அதற்கும் கீழே கறுத்துப் போன பழங்களும் மக்கிப் போன புல்லும். அழுகல் நாற்றம் எழுந்தது. அவனால் அதில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தின்றிருக்க முடியாது.

காடைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தும்பை திருப்பிக்கொள்ளவில்லை. அதில் ஐந்து கதிர் வளையில் இருந்திருந்தால் சின்னது பிழைத்திருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

"நல்லதாக மிஞ்சியதைப் பிரி," என்றாள் பெரியம்மா குடைவானிடம். "பகல் வெளிச்சத்தில், ஒவ்வொரு வாசலுக்கும் நீயே சுமந்துகொண்டு போ. இது நான் ஏமாற்றி வாங்கியது என்று வாயால் சொல்லிவிட்டு வை. கடைசி வாசல் முடிந்ததும் இந்தக் காட்டைவிட்டுப் போய்விடு."

இரண்டு நாள் குடைவான் சுமந்தான். ஒவ்வொரு வாசலிலும் சொன்னான். முதல் வாசலில் அவன் குரல் சரியாக வரவில்லை. பெரியம்மா பின்னால் நின்றுகொண்டு, "கேட்கவில்லை!" என்றாள்.

இலுப்பை மேட்டுக்கு நூற்றில் நாற்பத்து மூன்று கதிர்கள் திரும்பி வந்தன. மீதி உணவுக்கு ஆகாமல் போயிருந்தது. அந்த நாற்பத்து மூன்றை வைத்து மூன்று குட்டிகளும் மழையைத் தாண்டின. கண் திறந்தன. வாசலுக்கு வந்து முதன்முதலாக வெயிலைப் பார்த்தன.

அன்றிலிருந்து ஆள்காட்டியின் கூவலில் ஒரு வரி கூடியது. வளை கைமாறும் ஒவ்வொரு முறையும் பெயரும் திசையும் சொல்லி முடித்தபின், "மண் வைத்தாயிற்று! இனி யாருக்கும் எதுவும் கொடுக்க வேண்டியதில்லை! ஓலை வந்தால் துறைக்கு வா!" என்று கூவும்.

அப்படியும் ஓலை வந்தது. மறு ஆண்டு, காட்டின் மேற்கு மூலையில் ஒரு மைனாக் குடும்பம் பட்ட பனையில் பொந்து வாங்கியது. ஐந்தாம் நாள் பனையடியில் ஓர் ஓலை கிடந்தது. எழுதியது குடைவானோ வேறு யாரோ, தெரியவில்லை. எழுத்து சிவப்பாகத்தான் இருந்தது. மைனாக்கள் பயந்து போய்க் கூட்டுக்குள் கிசுகிசுத்தன.

"கொடுத்துவிடலாமா?"

"மெதுவாகப் பேசு! அக்கம்பக்கத்தில் கேட்டுவிடப் போகிறது!"

அப்போது கீழேயிருந்து ஒரு சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தார்கள். ஓர் ஆமை புழுதி மூடிக் களைத்து நின்றுகொண்டிருந்தான். ஆள்காட்டியின் முதல் கூவலைக் கேட்டவுடன் புறப்பட்டவன், ஐந்து நாள் நடந்து அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான்.

"மேலே யார்? புதிதாகக் குடிவந்தவர்களா?" என்று உரக்கக் கேட்டான். "என் பேர் பொறையன். எனக்கும் இப்படி ஓர் ஓலை வந்தது. நான் பயந்து எழுபது பழம் கொடுத்தேன். ஏமாந்தேன். நீங்கள் கொடுக்காதீர்கள்!"

பக்கத்து மரங்களிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. யாரோ ஒரு கிளி களுக்கென்று சிரித்தது. பொறையன் இன்னும் உரத்த குரலில் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினான்.

புது வீட்டு வாசலில் வந்து விழும் மிரட்டல் ஓலைக்கு, வீட்டைப் பதிந்து கொடுத்தவரிடமே நேரில் போய்க் கேட்காமல் எதையும் கொடுக்கக் கூடாது. ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொண்டால், அடுத்த வீட்டுக்கு அந்த ஓலை போக அவரே வழிவிட்டவர் ஆவார்.